நம்ம அடுப்பு எரிவதற்கும் அங்கே போர் நடப்பதற்கும் தொடர்பு உண்டா?

செல்லூர் மெஸ்:
வணக்கம். செல்லூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு. தம்பி தோஹாவில் ஏசி மெக்கானிக். 2025 ஜூனில் இஸ்ரேல்–ஈரான் சண்டையின்போது கத்தாரில் இருக்கிற அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டதே, அன்றைக்கு ராத்திரி அவன் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் படம் பிடித்து அனுப்பினான். அம்மா விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். காலையில் 19 கிலோ சிலிண்டரை மாற்றிப் பற்றவைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த கேஸும் அந்தப் பக்கமிருந்துதானே வருகிறது என்று.

அதிலிருந்து இந்தக் கேள்வி மனதை அரிக்கிறது. நான் எரிக்கும் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் போரில் பங்கு இருக்கிறதா? நான் குறைத்தால் ஏதாவது மாறுமா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்ள மட்டும்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்:
தங்கச்சி, பங்கு இருக்கிறது. நாட்டில் எரியும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி. கத்தார், எமிரேட்ஸ், குவைத், சவுதி இங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, அதுவும் பாரசீக வளைகுடாவின் வாயில் இருக்கிற ஹோர்முஸ் நீரிணை வழியாக. அது மிகவும் குறுகும் இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி எங்கள் மேலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அவ்வளவு ஆகிவிடும்.

1990-இல் நான் குவைத்தில் கட்டிட வேலையில் இருந்தேன். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் உள்ளே வந்தது. ஈரானோடு எட்டு வருஷம் சண்டை போட்டதில் ஈராக்குக்குப் பெரிய கடன், அதில் குவைத்துக்கும் பாக்கி. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைக் கெடுக்கிறது, எங்கள் ருமைலா எண்ணெய் வயலிலிருந்தும் திருடுகிறது என்பது ஈராக் அதிபர் சதாம் வைத்த குற்றச்சாட்டு. எண்ணெயில் பிறந்த சண்டை அது. எங்களைப் பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். பாலைவனக் கூடாரத்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய். அப்படி ஊர் திரும்பிய இந்தியர்கள் ஏறக்குறைய 1,70,000 பேர்.

ஊருக்கு வந்தால் இங்கேயும் அதே போர்தான். எண்ணெய் விலை ஏறிவிட்டது, வளைகுடாவிலிருந்து வரும் பணம் நின்றுவிட்டது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த அன்னியச் செலாவணி காலியாகி, 1991-இல் அரசாங்கம் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. ஒரு நாட்டையே தாலியைக் கழற்ற வைத்ததில் நாம் எரித்த எண்ணெய்க்கும் பங்கு இருந்தது.

டவுன்ஹால் ரோடு:
எல்லாம் சரி ஐயா. ஆனால் ஒரு அமெரிக்கர் வருஷத்துக்குச் செலவழிக்கும் மின்சாரம் நம் ஆள் ஒருவர் செலவழிப்பதைப் போல எட்டு மடங்குக்கு மேல். ஒரு போர் விமானம் ஒரு தடவை கிளம்பினால் எரிக்கும் எண்ணெயில் இந்த அக்காவின் மெஸ் எத்தனையோ மாதம் ஓடும். இட்லிக் கொப்பரைக்கு அடியில் தீயைக் குறைத்து உலக சமாதானம் கொண்டுவர முடியாது. சுமையை ஏழையின் தலையில் ஏற்றாதீர்கள்.

ஆனையூர்:
அக்கா, நான் ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நாங்கள் போரால் எரிபொருள் குறைந்தவர்கள்.

1990-க்குப் பிறகு பெட்ரோல், டீசல், பேட்டரி எதுவும் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று இலங்கை அரசு தடை போட்டது. கரண்டும் கிடையாது. அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவார். துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பின்னாலே வெள்ளையாகப் புகை தள்ளும், ஒரு விதமான காரமான மணம். இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் திரியும் வைத்து விளக்கு, அதைச் சுற்றி நாங்கள் பிள்ளைகள் படிப்போம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு அண்ணா பெடலைச் சுற்றுவார். டைனமோவிலிருந்து ரேடியோவுக்குக் கரண்ட். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

அதனால் குறைவாக எரிப்பவர்கள் எல்லாரும் சமாதானமாக இருக்கிறார்கள் என்று யாரும் எழுதாதீர்கள். தானாகக் குறைப்பது வேறு, கழுத்தை நெரித்துக் குறைக்க வைப்பது வேறு. ஆனால் ஒரு குழாயை நம்பி இருக்கிறவனை அந்தக் குழாயை மூடியே மண்டியிட வைக்கலாம். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேலூர்க்காரன்:
ஆனையூர் தம்பி சொன்னதுதான் உயிரான விஷயம். டவுன்ஹால் ரோடு தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். மேலூர் பக்கம் பெரியாறு பாசனத்துக்குக் கடைமடை. மேல்மடைக்காரர் கூடுதலாகத் திறந்துகொண்டால் எங்கள் வயலில்தான் வெடிப்பு விழும். 2022-இல் உலகத்தில் அதுதான் நடந்தது. உக்ரைன் போரில் ரஷ்யா எரிவாயுவைக் குறைத்ததும், ஐரோப்பா கப்பலில் வரும் திரவ எரிவாயுவைச் சொன்ன விலைக்கு வாங்கியது. அந்த ஜூலையில் பாகிஸ்தான் டெண்டர் விட்டும் விலை சொல்ல ஒரு ஆள் வரவில்லை. வங்கதேசம் விலை கட்டுப்படியாகாமல் வெளிச்சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, ஊரெங்கும் மின்வெட்டு கொண்டுவந்தது. அவர்களுக்கும் அந்தப் போருக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்.

அதே ஐரோப்பா எரிவாயுவை 15 சதவீதம் குறைப்பது என்று முடிவெடுத்து, 2023 மார்ச் வரைக்கும் 18 சதவீதம் குறைத்தது. ஆலைகள் குறைத்தன, வீடுகளில் ஹீட்டரைத் தணித்தார்கள். குளிரும் அந்த வருஷம் கருணை காட்டியது. போர் நிற்கவில்லை. ஆனால் குளிரில் விறைத்துப் போவார்கள் என்று ரஷ்யா போட்ட கணக்கு பலிக்கவில்லை. ஒவ்வொரு வீடாகச் சேர்ந்துதான் அது நடந்தது. யார் நிறைய எரிக்கிறார்களோ அவர்கள்தான் முதலில் குறைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

கல்லுப்பட்டி:
இதை நம் மண்ணிலேயே ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தவர், 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானார். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கக் குறையும் இருப்பை நம்பிப் பிழைத்தால் போட்டியும் சண்டையும் வரும், மரம், நீர், வெயில் மாதிரி வந்துகொண்டே இருப்பதை நம்பினால் நிலைத்து நிற்கலாம் என்றார். ஹோர்முஸ் பற்றிப் பேசும் யாரும் அவரிடம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

அக்காவுக்குக் காரியமாகச் சொன்னால், மாவாட்டுவதை மதிய வெயில் நேரத்துக்கு மாற்றுங்கள், அப்போது ஊருக்கு வரும் மின்கட்டமைப்பில் சோலார் கரண்ட் நிறைய இருக்கும். எச்சில் இலை, மிச்சச் சோற்றில் சாண எரிவாயு மாதிரியே கேஸ் எடுக்கலாம். ஒரு அடுப்பாவது அதில் எரியும்.

செல்லூர் மெஸ்:
எல்லாருக்கும் நன்றி. ஆனையூர் தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாவாட்டும் நேரத்தை மாற்றிவிடுகிறேன். மாடியில் சோலார் போட்டால் மானியம் கிடைக்கும் என்கிறார்களே, மெஸ்ஸுக்கும் உண்டா?

கல்லுப்பட்டி:
மத்திய அரசு மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான் அக்கா. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் வரும். மெஸ் வணிக இணைப்பு என்பதால் அதற்குக் கிடைக்காது. வீடும் மெஸ்ஸும் ஒரே கட்டிடமா? மீட்டர் தனித்தனியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.