உதவி தேவை: அரிக்கமேடு விளையாட்டுப் பலகையின் ஓரங்கள் மேலெழுந்து வளைந்துவிட்டன

கேள்வி (இலாசுப்பேட்டை, புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஐவருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் கதாபாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடுவது) நடத்தி வருகிறேன். கதை நடக்கும் இடமாக, நம் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டை, யவன (கிரேக்க, ரோமானிய) வணிகர்களின் கப்பல் சரக்கு வந்திறங்கிய காலத்துத் துறைமுகமாகக் கற்பனை செய்து அமைத்திருக்கிறேன். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் 150 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரு செங்கல் கட்டடம் வெளிப்பட்டது. அதை அவர் பண்டகசாலை என்று கருதினார். ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடியைக் குறிக்கும் என்ற ஆட்டத்தின் கணக்குப்படி அந்தக் கட்டடத்துக்கு மட்டுமே 30 அங்குலம் வேண்டும் என்பதால், 18க்கு 24 அங்குல மில் போர்டு (தடித்த அட்டை) இரண்டை அடுத்தடுத்து வைத்து, மொத்தம் 36க்கு 24 அங்குலப் பலகையாகச் செய்தேன்.

ஆறு, படித்துறை, பாசிமணி செய்வோர் குடியிருப்பு ஆகியவற்றைச் சார்ட் பேப்பரில் அக்ரிலிக் வண்ணத்தால் மூன்று வாரம் வரைந்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் போர்டின் மேல் ஒட்டி, அதற்கு மேல் வார்னிஷும் பூசினேன். செப்டம்பரில் சற்றே தெரிந்த வளைவு, மழை தொடங்கியபின் அரை அங்குலமாகிவிட்டது. பொம்மைகள் சாய்கின்றன, பகடை நடுப்பக்கம் உருண்டுவிடுகிறது. தெர்மகோலில் செய்த பண்டகசாலைச் சுவரோ, ஸ்பிரே பெயிண்ட் அடித்த சில நிமிடங்களில் குழி விழுந்து கரைந்துவிட்டது. வரைந்த படத்தை இழக்காமல் பலகையை நிமிர்த்த வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1 (முத்தியால்பேட்டை)

தட்டு போல ஓரங்கள் மேலே எழுந்து நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறதா, அல்லது நடுப்பகுதி மேடாகிவிட்டதா? அடிப்பக்கத்தில் ஏதேனும் தாள் ஒட்டியிருக்கிறீர்களா? இவ்விரண்டும் தெரிந்தால் காரணத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம்.

கேட்டவர்

தட்டு போலத்தான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் எதுவும் ஒட்டவில்லை, வார்னிஷும் பூசவில்லை.

பதில் 1, தொடர்ச்சி

அப்படியானால் காரணம் அதுவேதான். பசையின் ஈரத்தில் சார்ட் பேப்பர் விரிகிறது. விரிந்த நிலையிலேயே போர்டில் ஒட்டிக்கொண்டு, காயும்போது சுருங்கி, போர்டைத் தன் பக்கமாக இழுக்கிறது. இது முதல் வளைவு. பிறகு மழைக்காலக் கடற்காற்றின் ஈரம், வார்னிஷ் பூசிய மேற்பக்கத்தில் எளிதில் புகாமல், வெறுமனே விடப்பட்ட அடிப்பக்கத்தில் புகுந்து அதை உப்பச் செய்கிறது. அடிப்பக்கம் நீண்டால் பலகை மறுபடியும் மேல்நோக்கித்தான் வளையும். இரண்டு விசைகளும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டதால்தான் வளைவு இவ்வளவு வளர்ந்திருக்கிறது. பலகையின் மேல் கனமான புத்தகங்களை வைத்து நிமிர்த்துவது நிலைக்காது. எடையை எடுத்தவுடன் பழைய இழுவிசை திரும்பிவிடும்.

என் தந்தை நாற்பது ஆண்டுகள் புத்தகம் பைண்டிங் செய்தவர். அட்டையின் ஒரு பக்கம் தாள் ஒட்டினால் மறுபக்கமும் ஒட்டியாக வேண்டும் என்பதை அவர் தொழிலின் முதல் பாடமாகச் சொல்வார். நீங்களும் அதையே செய்யுங்கள். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் இலேசாகத் துடைத்து, அதே சார்ட் பேப்பரை, மேலே உள்ள தாளின் இழை ஓடும் திசையிலேயே வைத்து ஒட்டுங்கள். தாளை எந்தப் பக்கமாக மடிக்கும்போது எளிதாக மடங்குகிறதோ, அந்த மடிப்பு செல்லும் திசையே இழையின் திசை. மைதா பசை காய்ச்சுவதாக இருந்தால் அதில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. அது நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், ஃபெவிகாலே போதும்.

ஒட்டியபின் இருபுறமும் செய்தித்தாள் வைத்து, அதன் மேல் சமமான பலகையும் எடையும் ஏற்றி, செய்தித்தாளைத் தினமும் மாற்றி மூன்று நான்கு நாட்கள் விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் பட்ட பாடு வீணாகும். முழுவதும் காய்ந்தபின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசி, வெட்டுப்பட்ட நான்கு ஓரங்களையும் நீர்த்த ஃபெவிகாலால் இரண்டு முறை அடையுங்கள். ஈரம் மிக விரைவாக உள்ளே போகும் வழி அந்த ஓரங்களே.

தெர்மகோலைக் கரைத்தது ஸ்பிரேயில் உள்ள கரைப்பான். அடுத்த சுவரை முதலில் ஃபெவிகாலும் அக்ரிலிக் வண்ணமும் கலந்து இரண்டு கோட் பூசி மூடுங்கள், பிறகும் தூரிகையாலேயே வண்ணம் தீட்டுங்கள். மூடாமல் விட்ட ஊசிமுனை அளவு இடமே ஸ்பிரேக்குப் போதும்.

பதில் 2 (மஞ்சக்குப்பம், கடலூர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புதிய பலகை செய்யும்போது இவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். வளைவின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், நீளம் பாதியானால் ஓரம் எழும் உயரம் கால் பங்காகிறது. 24 அங்குலத்தில் அரை அங்குலம் எழுந்த போர்டு, 6 அங்குலத் துண்டில் ஒரு மில்லிமீட்டர் கூட எழாது. நான் 6 அங்குலச் சதுரத் துண்டுகளாகவே செய்கிறேன்.

ஆட்டத்தை நடத்துவதிலும் இதனால் பெரிய நன்மை உண்டு. முழுத் துறைமுகத்தையும் முதலிலேயே விரித்து வைத்தால், ஆடுபவர்கள் பலகையைப் பார்த்தே திட்டமிடுகிறார்கள். பண்டகசாலைக்குப் பின்வாசல் உண்டா என்று ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. அவர்கள் நடந்து செல்லச் செல்ல ஒவ்வொரு துண்டாக வைத்தால், அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு மேசையைச் சுற்றி எல்லோர் முகத்திலும் தெரியும். அந்த நேரத்துக்காகவே நான் துண்டுகள் வெட்டுகிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடிப்பக்கம் தாள் ஒட்டி நான்கு நாட்கள் எடையில் வைத்தேன். ஒரு போர்டு முழுவதும் சமமாகிவிட்டது. இன்னொன்றில் ஒரு மூலை மட்டும் சிறிது எழுந்திருக்கிறது. அந்த இடத்தில் எடை சரியாக அமரவில்லை என்று நினைக்கிறேன், மறுபடி அழுத்தியிருக்கிறேன். ஆற்றை மட்டும் துண்டாக்க எனக்கு மனமில்லை. கப்பல் வரும் காட்சிக்கு அது ஒரே நீரோட்டமாகத் தெரிய வேண்டும். பண்டகசாலையின் உட்புறத்தை 6 அங்குலத் துண்டுகளாகச் செய்யத் தொடங்கிவிட்டேன். ஆனால் வார்னிஷ் பூசிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு என்ன செய்வது?

பதில் 2

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அக்ரிலிக் பூச்சு காய்ந்தபின்னும் சற்று இளகியே இருக்கும். மேற்பரப்பில் முகப்பவுடரை மெல்லத் தூவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துண்டுகளை அடுக்காமல், புத்தகங்களை நிறுத்துவது போல ஒரு பெட்டியில் இடைவெளி விட்டுச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.