புயலுக்குத் தப்பி வந்தவர்களுக்கு உதவுவதில் எங்கள் குழுவில் சண்டை. என்ன பதில் சொல்வது?

கேள்வி: சார்லட்வாசி

வணக்கம். நாங்கள் வட கரோலினாவில், சார்லட் பக்கம் இருக்கிறோம். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வந்து மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது தெரிந்திருக்கும். ஆஷ்வில், ஸ்வானனோவா பக்கமிருந்து வந்த சில குடும்பங்கள் இப்போது எங்கள் அப்பார்ட்மென்ட்டில் தங்கியிருக்கிறார்கள். ஆஷ்வில்லில் வாரக்கணக்கில் குழாயில் குடிக்கிற தண்ணீர் வரவில்லை.

முதல் வாரம் எங்கள் தமிழ்க் குழுவில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு உதவினார்கள். தண்ணீர், டயப்பர், போர்வை என்று வண்டி வண்டியாகப் போனது. இப்போது வாட்ஸ்ஆப்பில் பேச்சு மாறிவிட்டது. "அந்த ஆள் ஓட்டுகிற பிக்கப் டிரக் என் காரைவிட விலை அதிகம், அவருக்கு எதற்கு நம் பணம்?" என்கிறார் ஒருவர். "அரசாங்கம் 750 டாலர் கொடுக்கிறதே, அது போதாதா?" என்கிறார் இன்னொருவர். அந்த 750 டாலரைத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. நாளைக்கு நமக்கு வந்தால் எச்1பி வேலை விசாவில் இருக்கிறவனுக்கு ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) ஒரு பைசா தராது, நாம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

சேர்த்த பணம் இன்னும் கையில் இருக்கிறது. உண்மையிலேயே கஷ்டப்படுகிறவரா என்று விசாரித்துத்தான் கொடுக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: டல்லாஸ் முருகன்

விசாரித்துக் கொடுப்பதில் தப்பே இல்லை நண்பரே. 2005-இல் கத்ரீனா புயல் சமயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஃபீமா குடும்பத்துக்கு 2,000 டாலர் அள்ளிக் கொடுத்தது. மறு வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்குப் பார்த்து, 60 கோடி முதல் 140 கோடி டாலர் வரை தகுதியில்லாமல் போயிருக்கும் என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் பணத்தில் உல்லாசப் பயணம் போனவர்கள், ஃபுட்பால் டிக்கெட் வாங்கினவர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். அந்த மக்கள் போய்த் தங்கிய ஹூஸ்டனில் குற்றங்களும் கூடின. வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம், சரியான கைக்குப் போக வேண்டும் என்று நினைப்பது கல்நெஞ்சம் ஆகாது.

பதில் 2: கல்யாணி, ஹூஸ்டன்

தம்பி, நான் 2005-லும் ஹூஸ்டனில் இருந்தேன், 2017-இல் ஹார்வி புயல் வந்தபோதும் இருந்தேன். முதல் தடவை கொடுக்கிற பக்கம், இரண்டாவது தடவை வாங்குகிற பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கத்ரீனா லூசியானா மாநிலத்தின் கரையைத் தொட்டது 2005 ஆகஸ்ட் 29. அங்கே நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. அப்புறம் அந்த ஊர் மக்கள் ஒதுங்கியிருந்த சூப்பர்டோம் விளையாட்டு அரங்கத்திலிருந்து பஸ் பஸ்ஸாக இங்கே ஆஸ்ட்ரோடோம் அரங்கத்துக்கு வந்தார்கள். அந்த அரங்கத்துக்கே தனி அஞ்சல் குறியீட்டு எண் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம். நான் துணி பிரிக்கிற வேலையில் நின்றேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போன் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். அம்மாவைக் காணோம், பிள்ளை வேறு பஸ்ஸில் ஏறிவிட்டது என்று சுவரெல்லாம் கையெழுத்துச் சீட்டு. ஊரே உதவிக்கு வந்தது. மேயர் பில் வைட்டும் ஹாரிஸ் கவுன்ட்டி தலைவர் ராபர்ட் எக்கல்ஸும் மூன்று வாரத்துக்குள் அரங்கத்தைக் காலி செய்து, மக்களை அப்பார்ட்மென்ட்டுகளுக்கு அனுப்பினார்கள்.

பேச்சு மாறியது அதற்குப் பிறகுதான். கட்டிலில் படுத்து அழுகிறவரைப் பார்த்து எல்லோருக்கும் இரக்கம் வந்தது. அதே ஆள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, பிள்ளையை நம் பிள்ளை படிக்கிற பள்ளியில் சேர்த்து, குழாய் ஒழுகுகிறது என்று ஆபீஸில் புகார் சொன்னபோது இரக்கம் குறைந்துவிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கிளைன்பெர்க் வருடா வருடம் ஹூஸ்டன் மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்துவார். நம் ஊர் ஒன்றுசேர்ந்து அருமையாக உதவியது என்று பெருமைப்பட்ட அதே மக்களில் பெரும்பாலானவர்கள், இவர்களால்தான் குற்றம் கூடியது என்றும் சொன்னார்கள். உங்கள் குழுவில் நடப்பதும் இதுதான்.

முருகன் சார் சொன்னதற்கு வருகிறேன். ஹூஸ்டனில் கொலைகள் கூடின, மறுக்கவில்லை. ஆனால் ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ, ஃபீனிக்ஸ் என்று கத்ரீனா மக்கள் போன மூன்று ஊர்களையும் எடுத்துப் பார்த்த ஆய்வில், பயந்த அளவுக்குக் குற்ற அலை எதுவும் தெரியவில்லை. சில வகைக் குற்றங்களில் ஓரளவு ஏற்றம், அவ்வளவுதான். வருமான வரிக் கணக்குகளை வைத்து வேறு ஒரு ஆய்வு வந்தது. புயலில் அடிபட்டவர்களின் வருமானம் சில வருடங்களில் மீண்டு, மற்ற ஊர்களில் அவர்களைப் போல இருந்தவர்களையே தாண்டிவிட்டது. நிரந்தரமாக அரசாங்கத்தை நம்பி உட்கார்ந்துவிடுவார்கள் என்று அப்போது இங்கே எத்தனை பேர் சொன்னார்கள்!

அந்த மோசடி அறிக்கை உண்மைதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல விண்ணப்பங்களுக்குப் பெயரையும் முகவரியையும் சரிபார்க்காமலே ஃபீமா பணம் அனுப்பியிருந்தது. சிறையில் இருந்தவர்கள் பெயரில் விண்ணப்பம், கல்லறைத் தோட்டத்தின் முகவரியில் விண்ணப்பம், யாருக்கும் கொடுக்கப்படாத சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் விண்ணப்பம். இதில் பலர் புயலைப் பார்த்தவர்களே இல்லை. வெளியே இருந்து புகுந்த திருட்டுக்கான கெட்ட பெயரை, உடுத்திய துணியோடு பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் சுமந்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது பொறுக்கவில்லை.

"முன்னாடியே ஏன் கிளம்பவில்லை?" என்பது இன்னொரு கேள்வி. நியூ ஆர்லியன்ஸில் அப்போது நான்கில் ஒரு வீட்டில் கார் கிடையாது. புயல் வந்ததோ மாதக் கடைசி, உதவித்தொகை வர இன்னும் சில நாள் இருந்தது. பெட்ரோலுக்கும் ஹோட்டலுக்கும் காசு எங்கே? நடந்தாவது ஊரைத் தாண்டலாம் என்று பாலத்தில் ஏறியவர்களை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கிரெட்னா ஊரின் போலீஸ் தடுத்துத் திருப்பி அனுப்பியது. சரி, கிளம்பினவர்கள் கதை என்ன? அடுத்த மாதமே ரீட்டா புயல் வந்தது. ஹூஸ்டனே சாலையில் நின்றது. அந்த வெளியேற்றத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 23 பேர் முதியோர் இல்லத்திலிருந்து டல்லாஸ் பக்கம் போன பஸ் தீப்பிடித்து இறந்தவர்கள். புயலோ ஹூஸ்டனைப் பெரிதாகத் தொடாமல் கிழக்கே போய்விட்டது. கிளம்பினாலும் குற்றம், கிளம்பாவிட்டாலும் குற்றம் என்றால் அந்த மக்கள் என்னதான் செய்வார்கள்?

இப்போது அந்த பிக்கப் டிரக். வீடு போன மனிதர் கொண்டுவர முடிந்த ஒரே சொத்து அதுதான். அதற்கும் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும், வேலை பார்த்த கடை சேற்றில் கிடந்தாலும் தவணை நிற்காது. கையில் நல்ல போன் வைத்திருக்கிறார் என்றும் சொல்வார்கள். வீட்டைப் பார்வையிட வரும் ஃபீமா ஆள் தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார், எடுக்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுபோகும். அந்த நேரத்தில் சாப்பாட்டைவிட போன் முக்கியம்.

2017-இல் ஹார்வி வந்தபோது எங்கள் வீடு ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊர்ப் பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேல்பக்கத்தில் இருந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறி ஏறி எங்கள் தெருவுக்குள் வந்தது. வெள்ள அபாயப் பகுதி இல்லை என்பதால் அங்கே பலர் வெள்ள இன்சூரன்ஸ் எடுத்திருக்கவில்லை, நாங்களும்தான். சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளம் சேராது. எங்களைப் படகில் ஏற்றியவர்கள் லூசியானாக்காரர்கள். கேஜுன் நேவி என்று சொந்த மீன்பிடிப் படகுகளை இழுத்துக்கொண்டு வந்த சாதாரண மக்கள். கத்ரீனாவில் உருவான பழக்கம் அது. எந்த மாநிலத்து மக்களைச் சுமை என்று இந்த ஊர் பல வருடம் பேசியதோ, அங்கிருந்து வந்து எங்களைத் தூக்கினார்கள்.

மறுநாள் நிவாரண மையத்தில் வரிசையில் நின்றேன். கையில் நான்கு தங்க வளையல். லாக்கரில் இருந்ததல்ல, எப்போதும் போட்டிருப்பது. பின்னால் நின்ற பெண், அதை விற்றாலே ஒரு மாதம் ஓட்டலாமே என்று தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கணவரின் மருந்து தண்ணீரில் போய்விட்டது, வங்கிக் கார்டு பர்ஸோடு போய்விட்டது, மாற்றுத் துணி கிடையாது. அந்த வளையலைப் பார்த்தால் இதில் எது தெரியும்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வாலண்டியர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்று இரவுக்கு என்ன வேண்டும்?"

அதையே நீங்களும் கேளுங்கள். பெரிய தொகை என்றால் புயலுக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு மின்கட்டண ரசீதைப் பார்ப்பது நியாயம்தான், முருகன் சாரோடு அதில் எனக்குச் சண்டையில்லை. காரையும் கழுத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

பதில் 3: தேன்மொழி, ராலே

அக்கா சொன்னதற்குப் பிறகு விதிகளை மட்டும் சேர்க்கிறேன், வாட்ஸ்ஆப்பில் போட உதவும்.

750 டாலர் கடன் இல்லை. உணவு, பால்மாவு, மருந்து போன்ற உடனடித் தேவைக்கு முதலில் வரும் தொகை. வாடகை, வீட்டுப் பழுது எல்லாம் தனியாக விண்ணப்பத்தைப் பார்த்து வரும். ஹெலீனுக்கு அறிவித்த நிலையில் ஒவ்வொரு பிரிவிலும் உச்சவரம்பு 42,500 டாலர், ஆனால் உச்சவரம்பு வரை கிடைப்பது அபூர்வம். 750 டாலரை வாங்கினால் நிலம் போய்விடும் என்பது வதந்தி. பேரிடர் நிதியை எடுத்துக் குடியேறிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் அப்படியே. குடியேறிகளுக்குப் போனது நாடாளுமன்றம் வேறு கணக்கில் ஒதுக்கிய பணம். இந்த வதந்திகளால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள்தான் பாவம்.

எச்1பி விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. ஃபீமாவின் பண உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். அது 1996-இல் வந்த சட்டம். ஆனால் வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால், குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர், மனநல ஆலோசனை இவற்றுக்கு விசா பார்ப்பதில்லை. அந்தச் சட்டத்தின் மேல் கோபம் எனக்கும் உண்டு, வரி நானும் கட்டுகிறேன். ஸ்வானனோவாக்காரர் அந்தச் சட்டத்தை எழுதவில்லையே.

சார்லட்வாசி

எல்லோருக்கும் நன்றி. கல்யாணி அக்கா, உங்கள் பதிலை அப்படியே குழுவில் போட்டேன். டிரக் பற்றிப் பேசியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மளிகைக் கார்டு கொடுக்கலாம் என்பதற்கு அவர்தான் முதலில் சரி என்றார். ஒரு குடும்பத்துக்கு ஃபீமாவிலிருந்து தகுதி இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. அவ்வளவுதானா?

கல்யாணி, ஹூஸ்டன்

இல்லவே இல்லை தம்பி. அந்தக் கடிதம் பல நேரம் "ஒரு காகிதம் குறைகிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. கத்ரீனாவுக்குப் பிறகு சரிபார்ப்பை இறுக்கினார்கள், அதில் நியாயமானவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் அந்தக் கடிதத்தைப் பார்த்தே விட்டுவிட்டவர்கள் உண்டு. கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முதலில் காரணத்தைப் படியுங்கள். இன்சூரன்ஸ் பதில் கேட்டிருந்தால் கம்பெனி கொடுத்த மறுப்புக் கடிதத்தை வையுங்கள். அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ போதும், காகிதம் வெள்ளத்தில் போயிருந்தால் மின் நிறுவனத்திடம் நகல் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அவர்களுடைய ஃபீமா விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் பிரிந்து தொலைந்துவிடும். உங்கள் குழுவில் ஆங்கிலப் படிவம் நிரப்பப் பழகிய ஆட்களுக்கா பஞ்சம்? சனிக்கிழமை இரண்டு பேர் லேப்டாப்போடு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். எங்காவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.