எஸ்எஸ்ஓ ஓடுகிறது, ஸ்கிம் ஓடுகிறது. வேலையை விட்டுப் போனவர் கணக்கு மட்டும் மூடவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி (ஊழியர் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் சேவை) கணக்கு உண்டு. டிக்கெட் (உதவிக் கோரிக்கை) மென்பொருள் ஒன்றுக்கு சாம்ல் (லாகின் தகவலை அனுப்பும் நெறிமுறை) வழியாக எஸ்எஸ்ஓ (ஒரே லாகினில் பல மென்பொருளில் நுழைவது) போட்டு ரொம்ப நாளாகிறது, அதில் சிக்கல் இல்லை. சமீபத்தில் ஸ்கிம் ப்ரொவிஷனிங்கையும் (என்ட்ராவில் இருப்பதைப் பார்த்து மற்ற மென்பொருளில் கணக்கைத் தானாகத் திறப்பதும் மூடுவதும்) ஆன் செய்தோம். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கணக்கு தானாக வருகிறது. ஆனால் வேலையை விட்டவர்களை என்ட்ராவில் முடக்கினால், சிலர் டிக்கெட் மென்பொருளிலும் முடங்குகிறார்கள், சிலர் ‘ஆக்டிவ்’ என்றே நிற்கிறார்கள். லைசென்ஸ் காசு வீண், ஆடிட் வேறு வருகிறது. லாகில் எரர் எதுவும் இல்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
கொஞ்சம் காத்திருந்து பார்த்தீர்களா? என்ட்ரா உடனுக்குடன் அனுப்பாது. முதல் சுற்று முடிந்தபின் சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாற்றங்கள் போகும். அவசரமென்றால் ‘ப்ரொவிஷன் ஆன் டிமாண்ட்’டில் அந்த ஒருவரை மட்டும் ஓட்டுங்கள், படிப்படியாக என்ன நடந்தது என்று காட்டும்.

கேட்டவர்:
ஓட்டினேன். ‘ஸ்கிப்’ என்கிறது. காரணம், அவர் இந்த ஆப்புக்கு அசைன் செய்யப்படவே (ஒதுக்கப்படவே) இல்லையாம். கடைசி நாள் வரை அதே மென்பொருளில் டிக்கெட் பார்த்தவர் சார் அவர்! அசைன் ஆகாதவருக்குக் கணக்கு எப்படி வந்தது?

பதில் 2:
ஸ்கிம் கொடுத்த கணக்கு இல்லை அது. டிக்கெட் மென்பொருளில் ‘ஜஸ்ட் இன் டைம்’ ப்ரொவிஷனிங் ஆனில் இருக்கும், பாருங்கள். சாம்ல் வழியாக யாராவது உள்ளே வந்து, கணக்கு இல்லை என்றால் அந்த நிமிடமே உருவாக்கிவிடும். வருகிறவரைத்தான் அதற்குத் தெரியும். போனவர் மறுபடி லாகின் செய்யப்போவதில்லை, அதனால் மூடவும் தெரியாது. மூடுகிற வேலை ஸ்கிம்முடையது: ‘ஆக்டிவ்’ மதிப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லி அனுப்பும். ஆனால் ஸ்கோப்பில், அதாவது ஆப்புக்கு அசைன் ஆனவர்கள் பட்டியலில், இருப்பவர்களுக்கு மட்டும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். என்ட்ராவில் அந்த ஆப்பின் ‘அசைன்மென்ட் ரிக்வயர்ட்’ (அசைன் ஆனவர் மட்டுமே நுழையலாம் என்ற அமைப்பு) நோ என்று இருக்கிறதா? குழுவுக்குள் குழு வைத்து அசைன் செய்திருக்கிறீர்களா?

கேட்டவர்:
இரண்டுமே ஆமாம். ‘ஆதரவு’ என்ற குழுவைத்தான் அசைன் செய்திருக்கிறோம். அதற்குள் கோவை, மதுரை குழுக்கள்.

பதில் 2:
அங்கேதான் விஷயம். ப்ரொவிஷனிங் நேரடி உறுப்பினர்களை மட்டுமே படிக்கும், உட்குழுவுக்குள் இறங்காது. அசைன்மென்ட் தேவையில்லை என்று இருப்பதால் கோவைக்காரர்கள் எஸ்எஸ்ஓ வழியாக நுழைந்து ஜஸ்ட் இன் டைமில் கணக்கு வாங்கிக்கொண்டார்கள். கோவை, மதுரை குழுக்களைத் தனித்தனியாக அசைன் செய்யுங்கள்.

ஆனால் அதற்கு முன் மேட்சிங்கை (எந்த விவரத்தை வைத்துப் பழைய கணக்கை ஸ்கிம் அடையாளம் காண்கிறது என்பதை) பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு வந்துவிடும். ஸ்கிம்மின் யூசர்நேம் வழக்கமாக என்ட்ராவின் யூபிஎன்னிலிருந்து (என்ட்ரா லாகின் பெயர்) வரும். சாம்லில் நேம்ஐடியாக (ஆளைக் குறிக்கும் அடையாளம்) மின்னஞ்சல் போனால், இரண்டும் ஒன்றாக இருக்கிற ஆளுக்குப் பிரச்சினை இல்லை. யூபிஎன் ஊழியர் எண்ணாகவும் மின்னஞ்சல் பெயராகவும் இருந்தால், பழைய கணக்கை ஸ்கிம் கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றைத் திறக்கும். முதலில் ஒருவரை மட்டும் அசைன் செய்து ஆன் டிமாண்டில் பாருங்கள். எல்லோரும் இணைந்தபின் ஜஸ்ட் இன் டைமை அணைத்து, அசைன்மென்ட் ரிக்வயர்டை யெஸ் ஆக்குங்கள். வரிசை மாறினால் காலையில் பாதி அலுவலகம் உங்களைத் தேடி வரும்.

பதில் 3:
உட்குழுவுக்குப் பதில் டைனமிக் குழுவும் போடலாம், துறை பெயரை வைத்து ஆட்களைத் தானே சேர்க்கும். எச்ஆர் துறை பெயரை ஒரே மாதிரி எழுதினால்! எங்களிடம் ஒரே துறைக்கு ‘சப்போர்ட்’, ‘சப்போர்ட் டீம்’ என்று இரண்டு பெயர்.

கேட்டவர்:
மேட்சிங் சரிபார்த்தேன். மதுரையில் மட்டும் யூபிஎன்னும் மின்னஞ்சலும் வேறு வேறு. மேட்சிங்கை மின்னஞ்சலுக்கு மாற்றி ஒருவரை ஓட்டினேன், பழைய கணக்கோடே இணைந்தது. ஏற்கெனவே போனவர்களுக்கு?

பதில் 2:
அவர்களைக் கையாலேயே மூடிவிடுங்கள், அதற்கு ஸ்கிம்மை நம்ப வேண்டாம். அவர்கள் உருவாக்கிய ஏபிஐ டோக்கன்களையும் (லாகின் பக்கம் போகாமல் நிரல்கள் நுழையப் பயன்படும் சாவிகள்) சேர்த்து ரத்து செய்யுங்கள். எஸ்எஸ்ஓ அடைத்தாலும் டோக்கன் வேலை செய்யக்கூடும்.

கேட்டவர்:
சரி. போனவர்கள் பட்டியலை எச்ஆரிடம் கேட்டிருக்கிறேன்.