பங்கு வீட்டு மாடியில் எலக்ட்ரானிக் டிரம்ஸ்: எந்த பேடை மாற்றுவது?

பள்ளத்தூரான்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் அப்பத்தாவும் நானும் மட்டும் இருக்கிறோம். வேலை காரைக்குடியில். போன மாதம் சென்னையில் ஒருவரிடம் பழைய எலக்ட்ரானிக் டிரம் செட் ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கி, ஆம்னி பஸ் டிக்கியில் போட்டுக் கொண்டுவந்தேன். ஸ்னேருக்கும் (முன்னால் இருக்கும் முக்கிய டிரம்) மூன்று டாமுக்கும் (சுற்றி இருக்கும் டிரம்கள்) குச்சியால் அடிக்கும் ரப்பர் பேட், காலால் மிதித்து அடிக்கச் சின்னதாக ஒரு கிக் பேட், சிம்பல் மூன்று, ஹைஹாட் சிம்பலைத் திறந்து மூடும் பெடல். சத்தம் தரும் பெட்டியான மாட்யூல் நன்றாக இருக்கிறது. பேடுகள்தான் படுத்துகின்றன.

ஸ்னேரை ஒரு தட்டுத் தட்டினால் சில நேரம் இரண்டாக விழுகிறது. இரண்டாவது டாமை ஓங்கி அடித்தால், தொடாத கிராஷ் சிம்பல் 'ச்சிங்' என்கிறது. ஸ்னேர் விளிம்பில் அடித்தால் சத்தமே இல்லை. அரை மணி நேரம் வாசித்தால் வலது மணிக்கட்டு வலிக்கிறது.

இது போக வீட்டுப் பிரச்சினை ஒன்று. செட்டை முகப்பு மாடி அறையில் போட்டிருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிக்கிறேன். ஆனாலும் கிக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கீழே 'டொம் டொம்' என்று கேட்கிறதாம். "மேலே யாருடா நெல்லுக் குத்துறது?" என்கிறார் அப்பத்தா. ஆறு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. சுவரில் ஆணி அடிக்க முடியாது, தரையில் எதையும் ஒட்ட முடியாது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று எல்லோரும் வந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் செட்டைக் கழற்றி ஓரங்கட்ட வேண்டும்.

கையில் இன்னும் 15,000 இருக்கிறது. எல்லாவற்றையும் வலை மாதிரி மேல்பரப்பு உள்ள மெஷ் பேடாக மாற்றிவிடவா, கொஞ்சம் கொஞ்சமாகவா? வேறு கம்பெனி பேட் என் மாட்யூலில் வேலை செய்யுமா?

ஸ்டிக் செல்வா:

ப்ரோ, ரப்பரோடு மல்லுக்கட்டாதீர்கள். மெஷ்தான். நான் மாறிய பிறகு மணிக்கட்டு வலி போயே போச்சு. இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து எல்லா பேடையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், நிம்மதி.

கச்சேரி ரிதம்:

தம்பி, பணத்தை அவசரப்பட்டு எடுக்காதே. செல்வா சொல்வதில் பாதி சரி, மீதிக்கு உனக்கு அவசியம் இல்லை.

நான் காரைக்குடிதான். மெல்லிசைக் குழுவில் 22 வருடம் ரிதம் பேட் வாசித்தவன். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் கிடையாது. இன்றைக்கு இங்கே, நாளைக்குத் தேவகோட்டை, மறுநாள் புதுவயல். பேடைக் கழற்றி மாட்டி, வெயிலிலும் புழுதியிலும் போட்டு எடுத்ததில் அது எங்கெங்கே மக்கர் பண்ணும் என்று கைக்கே தெரியும்.

நீ சொன்ன நாலு கோளாறில் மூன்றுக்குப் புது பேட் வேண்டாம்.

முதலில் மாட்யூலில் ட்ரிகர் செட்டிங்குக்குள் போய், ஒவ்வொரு ஜாக்கிலும் எந்த மாடல் பேட் என்று போட்டிருக்கிறது பார். பழைய செட் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. விற்றவர் முன்பு மெஷ் வைத்திருந்து, அதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு உனக்கு ரப்பரை மாட்டிக் கொடுத்திருக்கலாம். மாட்யூல் இன்னும் மெஷ் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். சரியான மாடலைத் தேர்ந்தெடுத்தாலே சென்சிட்டிவிட்டி, த்ரெஷோல்டு (எவ்வளவு மெல்லிய அடி வரை பதிய வேண்டும் என்பது), கர்வ் எல்லாம் ஓரளவுக்கு அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

கிராஷ் தானாக அடிப்பதற்கு வருகிறேன். பேடுக்குள் இருப்பது பீசோ என்கிற சின்னத் தகடு. பித்தளை வட்டம், அதன்மேல் வெள்ளைப் பீங்கான் பூச்சு, இரண்டு ஒயர். அவ்வளவுதான். அதிர்ந்தால் கரண்ட் கொடுக்கும். குச்சி பட்ட அதிர்வா, பக்கத்து டாமிலிருந்து ஸ்டாண்டுக் கம்பி வழியாக வந்த அதிர்வா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு தடவை ஒரு கிராமத்துத் திருவிழா மேடையில் எனக்கும் இதேதான். டாம் அடிக்கும்போதெல்லாம் கிராஷும் சேர்ந்து ஒலிக்கிறது, பாடுகிற பெண் திரும்பித் திரும்பி முறைக்கிறார். பதற்றத்தில் எல்லா பேடுக்கும் த்ரெஷோல்டைத் தூக்கி வைத்தேன். கிராஷ் நின்றது. அடுத்த பாட்டு மெலடி. ஸ்னேரில் மெல்லிசாக வருட வேண்டிய அடி ஒன்றுகூட விழவில்லை, வெறும் பேடைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிருதங்கத்தில் காரைக்குடி மணி ஐயா பெயர் சொல்லும் ஊரில் பிறந்துவிட்டு, மெல்லிய அடி விழாமல் மேடையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்றைக்கும் உறுத்தும். இடைவேளையில் பார்த்தால் காரணம் வேறு. கிராஷ் கிளாம்ப் கழன்று, அதன் கம்பி டாம் கிளாம்பின் மேல் சாய்ந்து கிடந்தது. இறுக்கி, இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டேன். தீர்ந்தது.

அதனால் முதலில் கிளாம்ப், அப்புறம்தான் மெனு. அதற்குப் பிறகும் கிராஷ் தானாக அடித்தால் மெனுவில் கிராஸ்டாக் கேன்சல் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதில் ஒரு விஷயம், நீ அடிக்கிற டாமில் கூட்டக் கூடாது, தானாக ஒலிக்கிறதே அந்தக் கிராஷில் கூட்ட வேண்டும். ஐந்து ஐந்தாக ஏற்றி, நின்ற இடத்தில் விட்டுவிடு. ரொம்ப ஏற்றினால் டாமையும் கிராஷையும் சேர்த்து அடிக்கும்போது கிராஷ் வாய் திறக்காது.

ஸ்னேர் இரண்டாக விழுவதற்கு மாஸ்க் டைம் என்று ஒன்று இருக்கும். ஒரு அடி விழுந்தபின் சில மில்லி செகண்டுக்கு அடுத்த அடியைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்வது. அதையும் அளவாகத்தான் வைக்க வேண்டும், கூட்டினால் ரோல் வாசிக்கும்போது பாதி அடி காணாமல் போகும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் பேடைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார். உள்ளே ஏதாவது ஆடினால் பீசோவை ஒட்டிய டேப் விட்டுப்போயிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மாடி அறையில் எந்தப் பசை தாங்கும்?

விளிம்பு பேசாததற்கு ஒயர்தான் காரணமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஸ்னேர் ஒயர் பிளக்கின் முனையைப் பார். கறுப்பு வளையம் ஒன்றுதான் இருந்தால் அது மோனோ, நடுப்பகுதி மட்டும் பேசும். வளையம் இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, விளிம்புக்கும் வழி இருக்கிறது. சிம்பலைக் கையால் பிடித்து அமர்த்தினால் சத்தம் நிற்க வேண்டுமே, அதற்கும் ஸ்டீரியோ ஒயர் வேண்டும்.

மணிக்கட்டு வலிக்குத்தான் உண்மையில் பணம் செலவழிக்க வேண்டும். 1981-ல் வந்த சிம்மன்ஸ் எஸ்.டி.எஸ்.5-இன் அறுகோண பேடு பாலிகார்பனேட், கல் மாதிரி இருக்கும். வாசித்தவர்கள் பலர் கையை உதறினார்கள். ரப்பர் அதைவிட எவ்வளவோ மேல். வலைபோல நெய்த மெஷ்ஷை 1997-ல் ரோலண்ட், டி.டி.10 மாட்யூலோடு கொண்டுவந்தது, நெய்துகொடுத்தது ரெமோ. குச்சி துள்ளித் திரும்பும், சத்தமும் குறைவு. ஆனால் பாட்டு முழுக்கக் கை கிடப்பது ஸ்னேரிலும் ஹைஹாட்டிலும்தானே? டாம் எத்தனை தடவை வருகிறது, எண்ணிப் பார். ஸ்னேருக்கு மட்டும் நடுவும் விளிம்பும் தனித்தனியாகப் பேசும் பத்து இஞ்ச் டூயல் ஜோன் மெஷ் ஒன்று வாங்கு. எட்டு இஞ்ச் வேண்டாம், விளிம்பும் நடுவும் சேர்த்து அடிக்கும்போது குச்சிக்கு இடம் போதாது. டாம்கள் ரப்பராகவே இருக்கட்டும்.

வாங்கியதும் அப்படியே மாட்டிவிடாதே. பெரும்பாலும் தொளதொள என்றுதான் வரும். மிருதங்கத்துக்குக் கல்லும் புள்ளும் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்திருப்பாய். இங்கே சுருதி இல்லை, ஆனால் சுற்றிலும் ஒரே இழுப்பு வேண்டும். ஒரு திருகாணியை அரைச் சுற்று, அடுத்து நேர் எதிரே உள்ளதை அரைச் சுற்று என்று போ. கட்டை விரலால் நடுவே அழுத்தினால் லேசாகத்தான் அமுங்க வேண்டும். நடுவில் கூம்பு மாதிரி ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும் பேட் என்றால், தொளதொளப்பில் குச்சி நேரே கூம்பில் போய் இடிக்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும் வெடிச் சத்தம் வரும்.

வேறு கம்பெனி பேட் பற்றிக் கேட்டாய். நடுப்பகுதி அநேகமாக எதிலும் பேசும். விளிம்பில்தான் வம்பு. சிலர் விளிம்புக்கு இன்னொரு பீசோ வைக்கிறார்கள், சிலர் சுவிட்ச் வைக்கிறார்கள். ரோலண்ட் மாட்யூலில் யமஹாவின் மூன்று ஜோன் பேடைச் செருகினால் மூன்றும் கிடைக்காது. மாட்யூல் லிஸ்டில் இருக்கும் மாடலாகவே தேடு, பழையது கிடைத்தாலும் பரவாயில்லை.

தரையில் இறங்கும் சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. சத்தம் போகவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலை!

பள்ளத்தூரான்:

அண்ணே, ஒயரைப் பார்த்தேன். ஒரே ஒரு வளையம். மாட்யூலில் ஸ்னேர் ஜாக்கில் மெஷ் மாடல்தான் போட்டிருக்கிறது, பேட் ரப்பர். நீங்கள் சொன்னது அப்படியே. குலுக்கினால் உள்ளே 'கலக் கலக்' என்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கிறேன்.

ஈசூன் ஆச்சி:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான், இப்போது சிங்கப்பூரில் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மகனுக்கு டிரம் செட் வாங்கிக் கொடுத்து, கீழ்வீட்டுக்காரரிடம் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம்.

காற்றில் போகும் சத்தம் வேறு, கட்டடத்தில் இறங்கும் அதிர்வு வேறு. உங்கள் மாடித் தளம் மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும்: தேக்கு உத்திரம், குறுக்கே கட்டைகள், மேலே செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு. நடு அறையில் மிதித்தால் அந்தக் கட்டைகள்தான் மத்தளம். முதலில் செட்டை நடுவிலிருந்து எடுத்து, உத்திரம் சுவரில் உட்காரும் மூலைக்குக் கொண்டுபோங்கள். அதிலேயே கொஞ்சம் குறையும்.

அப்புறம் டென்னிஸ் பந்து மேடை. 18 மி.மீ. பிளைவுட் இரண்டு பலகை, நீங்களும் ஸ்டூலும் செட்டும் சேர்ந்து உட்காரும் அளவுக்கு. கீழ்ப் பலகையில் ஐந்து செ.மீ. ஓட்டைகள். பந்தின் குறுக்களவு ஆறரை செ.மீ.க்கு மேல் என்பதால் உள்ளே விழாமல் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் அடுத்த பலகை, சும்மா வைத்தால் போதும். இரண்டும் எங்கேயும் நேராகத் தொடக் கூடாது, சுவரிலும் இடிக்கக் கூடாது. நாங்கள் 28 பந்து போட்டோம். கிக்குக்கும் ஸ்டூலுக்கும் கீழே நெருக்கமாக வையுங்கள், பாரம் அங்கேதான். ஒட்டுவது, ஆணி அடிப்பது எதுவும் இல்லை. பங்காளி வந்தால் பலகையைச் சுவரில் சாத்திவிடலாம்.

கீழ்ப் பலகைக்கு அடியில் வெறும் ஜமக்காளம் வேண்டாம். ஆத்தங்குடிப் பூக்கல் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். மெத்தென்ற ரப்பர் விரிப்பு போடுங்கள். கிக் பேடின் முன்கால் ஆணி பூக்கல்லில் படவே கூடாது, கீறல் விழுந்தால் ஆறு பங்காளிக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டிக் செல்வா:

28 பந்துக்கு உள்ளூர் டென்னிஸ் கோச்சைப் பிடியுங்கள் ப்ரோ. துள்ளாத பழைய பந்து சும்மாவே கிடைக்கும்.

ஈசூன் ஆச்சி:

துள்ளாத பந்து சீக்கிரம் சப்பையாகிவிடும் தம்பி. பாரம் விழும் இடத்துக்காவது புதுசு போடுங்கள்.

பள்ளத்தூரான்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், நடுவில் ஒரு கல்யாணம்.

ஸ்னேர் பேடைத் திறந்தேன். பீசோவின் ஒரு பக்கம் டேப்போடு ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் தூக்கிக்கொண்டும் இருந்தது. பசை உருகி வெல்லப் பாகு மாதிரி நூல் நூலாக வந்தது. சுரண்டித் துடைத்து, புது டபுள் டேப் போட்டு ஒட்டினேன். ஸ்டீரியோ ஒயர் காரைக்குடியிலேயே 180 ரூபாய்க்குக் கிடைத்தது. மாடலை மாற்றியதும் இரட்டை அடி நின்றுவிட்டது, மாஸ்க் டைமைத் தொடவே இல்லை. கிராஷ் கிளாம்பை நகர்த்தி, கிராஸ்டாக்கைப் பத்து ஏற்றினேன். அதுவும் அடங்கிவிட்டது.

பிறகு அண்ணன் சொன்னபடி பத்து இஞ்ச் மெஷ் ஒன்று, பழையது, 8,500 ரூபாய். சரிசெய்த ரப்பர் பேடைக் கூடுதல் பேடுக்கான ஆக்ஸ் ஜாக்கில் போட்டுக் கவ்பெல் (மாட்டுமணி) சத்தம் வைத்திருக்கிறேன். மேடையைத் தெரிந்த ஆசாரி ஒருவர் செய்துகொடுத்தார். எதற்கு என்று சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணத்துக்காகக் கழற்றும்போது ஒவ்வொரு கிளாம்பும் நிற்கும் இடத்தில் கம்பியில் வெள்ளை டேப் சுற்றி வைத்தேன். திரும்ப மாட்ட இருபது நிமிடம்தான் ஆனது.

கீழே சத்தம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அப்பத்தா இப்போது நெல் குத்துவதைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "சத்தமே வரல, இதைப் போய் இப்படி வேர்த்து வேர்த்து அடிக்கிறியே அப்பச்சி" என்றார். ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஹைஹாட் பெடலை முழுக்க மிதித்தாலும் சில நாள் பாதி திறந்த சத்தமே வருகிறது. சில நாள் சரியாக இருக்கிறது. பெடலை மாற்ற வேண்டுமா?

கச்சேரி ரிதம்:

மாற்றாதே. மாட்யூலை ஆன் செய்யும்போது உன் இடது கால் எங்கே இருக்கிறது?

பள்ளத்தூரான்:

பெடல் மேலேதான் அண்ணே.

கச்சேரி ரிதம்:

அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஆன் செய். என்னுடையதும் இப்படித்தான் இருந்தது.