நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டபோது பிள்ளைகள் சொன்னவை

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு வேதபாட ஆசிரியை:

தமிழ் மெதடிஸ்ட் சபை ஒன்றில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுச் சபையின் முழு உறுப்பினராகும் திடப்படுத்தல் ஆராதனைக்கு முன், ஒவ்வொருவரும் எழுந்து தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்வது எங்கள் சபையின் வழக்கம். "இரட்சிப்பின் நிச்சயம் எனக்கு உண்டு", அதாவது தேவன் என்னை மீட்டுக்கொண்டார் என்பது உறுதி என்ற வரியைப் பெரும்பாலோர் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். இந்த ஆண்டு நான்காம் படிவ மாணவன் ஒருவன் அதைச் சொல்ல மறுத்தான்.

"அக்கா, பள்ளியில் என் நண்பர்கள் கேட்டால் நூறு சதவீதம் நிச்சயம் என்றுதான் சொல்வேன். இங்கே கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை."

அவன் வகுப்பில் தமிழ்க் கிறிஸ்தவன் அவன் ஒருவன்தான். மற்ற தமிழ் நண்பர்கள் எல்லோரும் இந்துக்கள். தைப்பூசத்துக்கு அவர்கள் பத்துமலைக்குக் கிளம்பும்போது, "நீ மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறாய்?" என்று அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவனுக்கு உறுதியான பதில் தேவைப்படுகிறது. சந்தேகத்தோடு பேசினால் தான் யார் என்பதே கரைந்துவிடும் என்று பயப்படுகிறான். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் கிறிஸ்தவர்கள் 9.1 சதவீதம். அவர்களிலும் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளை தன் இனத்திற்குள்ளும் சிறுபான்மை. அந்தப் பிள்ளைகள் வெளியில் காட்டும் நிச்சயத்தில் எவ்வளவு விசுவாசம், எவ்வளவு தற்காப்பு என்று பெரியவர்கள் நாம் யோசிப்பதே இல்லை. தேவாலயத்துக்குள் வந்த பிறகாவது அந்தக் கவசத்தைக் கழற்ற இடம் வேண்டாமா? நாமோ இங்கேயும் மைக்கை நீட்டி, நிச்சயமா என்று கேட்கிறோம்.

அவனிடம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிச் சொன்னேன். 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் உள்ளம் அனல்கொண்டதாக அவர் எழுதியது எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதே வெஸ்லி 1766இல் தம் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில், தேவனை நான் நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்று எழுதினார். அதன் பிறகும் முதுமைவரை குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அந்தக் கடிதத்தை அவர் நம் சபையில் வாசித்திருந்தால் அவரைத் திடப்படுத்தியிருப்பார்களா?"

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படி ஏதாவது கேட்டிருக்கிறீர்களா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய்:

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குத் தவறாமல் போவோம். சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்கூட மக்கள் வந்து குவிவார்கள். போன ஆண்டு என் மாமியார் நோயில் படுத்திருந்தார். அவருக்காக என் மகள் ஒன்பது நாள் தொடரும் நவநாள் ஜெபத்தை ஒருநாளும் விடாமல் சொன்னாள். அவளுக்குப் பதினைந்து வயது. பாட்டி பிழைத்துவிடுவார் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. திருவிழா முடிந்த வாரமே அவர் இறந்துவிட்டார்.

இந்த ஆண்டு அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள், மெழுகுவர்த்திப் பவனியில் முழுவதும் நடந்தாள். வீடு திரும்பும்போது, "இன்னும் நம்புகிறாயா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கடவுள் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் நல்லவரா என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் திருச்சபையில் திடப்படுத்தலுக்கு இணையான உறுதிபூசுதலுக்குத் தயாரிக்கும் வகுப்பில் இதைக் கேட்கலாமா என்றாள். கேள் என்றேன்.

செந்தூலிலிருந்து ஒரு மாணவன், ஐந்தாம் படிவம்:

எங்கள் சபை பெந்தெகொஸ்தே சபை. வாலிபர் முகாமில் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்காக ஜெபித்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அந்நிய பாஷையில், அதாவது ஆவியானவர் தருவதாக நம்பப்படும் அறியாத மொழியில், பேசினார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. உடனே ஐந்தாறு பேர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவர்கள் என்மேல் வைத்த அன்பு உண்மையானது. ஆனாலும் எனக்குள் ஏதோ குறை இருக்கிறது என்று அன்று முடிவு செய்துவிட்டார்கள் போல் இருந்தது.

எனக்கு நிச்சயம் வந்தது வேறோர் இடத்தில். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வின் முன்னோட்டத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இரவு ஒன்றில் 13ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது முதல் வரியிலேயே கேட்கிறார். யாரும் இல்லாத அறையில் ஒருவர் இப்படிக் கேட்கமாட்டார். அன்றிலிருந்து நானும் அப்படியே ஜெபிக்கிறேன். இதையும் சாட்சியாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

மீண்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியை:

தாராளமாகச் சொல்லலாம், தம்பி. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் நோயுற்ற மகனின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இயேசு அவனை அனுப்பிவிடவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். அந்தத் தகப்பனின் வார்த்தை போதும் என்றால் உங்கள் வார்த்தையும் போதும்.

பட்டர்வொர்த் சகோதரிக்கு: உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வகுப்பில் அவசரமாகப் பதில் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு விளக்கம் சொல்வது எளிது, அருகில் இருப்பதுதான் கடினம்.

எங்கள் போதகரிடம் பேசினேன். இந்த ஆண்டு சாட்சி சொல்வது கட்டாயமில்லை, விரும்புகிறவர்கள் சாட்சிக்குப் பதில் ஒரு ஜெபத்தையோ கேள்வியையோ எழுதி வாசிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சில பெற்றோருக்கு இதில் மனவருத்தம். பிள்ளைகள் சபை நடுவே சந்தேகத்தைப் பேசினால் சின்னப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேசப்போகிறேன். உங்கள் பிள்ளைகள் சொன்னவற்றை அவர்களிடம் வாசித்துக் காட்டலாமா? பெயர் எதுவும் சொல்லமாட்டேன்.