‘காலர்’ (choler): சட்டைக் காலர் இல்லை, சினக் காலர். தமிழில் என்ன?

வணக்கம். ஷேக்ஸ்பியர் பாடத்துக்கான சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘காலர்’ மட்டும் பாக்கி. கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தநீர். காலரா, கொலஸ்டிரால் எல்லாம் அதே வேர்தான். பழைய கிரேக்க மருத்துவர் கேலன் மரபில் உடலுக்கு நான்கு நீர்கள்: குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். மஞ்சள் பித்தம் வெப்பமும் வறட்சியும் உடையது, மிஞ்சினால் சினம். நோய், கோபம் இரண்டையும் ஒரே சொல் தாங்கவேண்டும். ஹாம்லெட் 3ஆம் அங்கம், 2ஆம் காட்சி: அரசருக்குக் ‘காலர்’ என்றதும், ஹாம்லெட் “வைத்தியரிடம் சொல், நான் பேதி கொடுத்தால் இன்னும் ஏறும்” என்கிற மாதிரி பதில். ‘கோபம்’ என்று போட்டால் வைத்தியருக்கு அங்கே என்ன வேலை?

> வெகுளி. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றாக வைத்த சொல். வேறென்ன வேண்டும்?

ஐயா, இன்று ‘வெகுளி’ என்றால் சூதுவாது அறியாதவர். ஹாம்லெட்டில் வரும் அரசர் கிளாடியஸா வெகுளி? பித்தம் என்றே போடலாம்.

> பித்தம் என்றே போடலாம்

தமிழில் பித்தம் கோபத்துக்குப் போவதில்லை. கிறுகிறுப்புக்கும் பைத்தியத்துக்கும் போகும். சுந்தரர் ‘பித்தா’ என்றபோது கோபம் அழைத்தவருக்குத்தான். போதாததற்கு வடசொல். ‘அழல்’ இருக்கிறதே: வளி, அழல், ஐயம், அதாவது வாதம், பித்தம், கபம். குறள் 941 ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்பது இதைத்தான்.

வடசொல்லா? பித்து, பிச்சு, பிச்சி, பிதற்று என்று ஒரு குடும்பமே இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை!

‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல். ஆகவே ‘கறுவு’?

கறுவுதல் மனத்துள் வைத்திருந்து வஞ்சம் தீர்ப்பது. காலர் குப்பென்று ஏறி இறங்குவது. மேலும் ‘கறு’ வந்தால் கரும்பித்தமான மெலன்கலியோடு குழம்பும். பட்டியலில் அது அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது.

‘சூடு’ பொருந்தாதா? ‘சார் சூடாகிவிட்டார்’ என்கிறோம். ‘உடம்புக்குச் சூடு’ என்றும் சொல்கிறோம். அடங்காப்பிடாரி (The Taming of the Shrew) நாடகம் 4ஆம் அங்கத்தில், கருகி வறண்ட ஆட்டிறைச்சி காலரை உண்டாக்கும் என்று பெத்ரூக்கியோ தட்டைத் தள்ளுகிறான். ‘சூட்டைக் கிளப்பும்’ என்றால் எந்த ஊர் மாணவருக்கும் புரியும். ஹாம்லெட்டிலும் பேதி அப்படியே உட்காரும்.

குருதியும் அந்த மரபில் சூடுதான் அம்மா, ஈரச்சூடு. தனியே ‘சூடு’ என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அப்படியானால் ‘பித்தச்சூடு’. நாடக வசனத்தில் சூடு, பட்டியலில் பித்தச்சூடு.

சரி. பித்தச்சூட்டுக்கு ஐந்து பேர், அழலுக்கு இருவர். ‘அழல்’ அடைப்புக்குறிக்குள் வரும்.

அழலை அடைப்புக்குள் தள்ளியதை ஏற்கவில்லை, பதிவு செய்யவும். ரோமியோ ஜூலியட் முதல் காட்சியில் கரி சுமப்பவன் (collier), காலர் (choler), தூக்குக்கயிற்றுக் காலர் (collar) என்று ஒலி ஒத்த அடுக்குச் சிலேடை வருகிறதே, அங்கே உங்கள் பித்தச்சூடு என்ன செய்யும்?

‘சூடு சொரணை’ பாதி தூரம் கொண்டுபோகும், கரி சுமப்பது அவமானம் பொறுப்பதுதானே. கயிற்றுக்கு வழி தெரியவில்லை.