மலையில் உங்களைத் திருப்பி அனுப்பியது யார்?

பனிக்காலத்திலும் மழையிலும் மலையில் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களை யாராவது வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது உண்டா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஜனவரி. எங்கள் வீடு நீலகிரியில், ஊட்டிப் பக்கம் கேத்தியில் மேட்டில் இருக்கிறது. காலை ஐந்தரைக்குப் பாலாடா பக்கம் இறங்கி ஓடினேன். வாசலில் நின்றபோது குளிர் பெரிதாகத் தெரியவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். காற்றில்லாமல் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிற இரவுகளில், குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற படம் வருடாவருடம் பேப்பரில் வருகிறதே, அதற்கும் இதுதான் காரணம். நான் இறங்க இறங்கக் குளிர் ஏறிக்கொண்டே போனது. பருத்திக் கையுறை வியர்வையில் ஊறிச் சில்லிட்டுவிட்டது.

பாலாடாவில் கேரட் அறுவடை நடு இரவுக்கு மேல் தொடங்கிவிடும். கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்து ஓரம் நெருப்பு போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய ஒரு அக்கா, "தம்பி, எங்க ஓடுற? கையக் காட்டு" என்றார். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ.

"நாக்கு இழுக்குது பாரு. உக்காரு இங்க."

ஜிப்பைத் திறக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. கையை நேராக நெருப்புக்குக் கொண்டுபோனேன். பட்டென்று தட்டிவிட்டார். "மரத்த கைய நெருப்புல காட்டாத, சுட்டாலும் தெரியாது. கக்கத்துல வை." வைத்தேன். ஐந்து நிமிடத்தில் உயிர் வருகிற வலி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பால் இல்லாத டீ கொடுத்தார்கள். அப்புறம் கேரட் ஏற்றிய பிக்கப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் விடிய விடிய அந்தத் தண்ணீரில் கைவிட்டுக் கேரட் அலசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்!

இனி நீங்கள் சொல்லுங்கள்.

*எடின்பரோவிலிருந்து:*

நான் யாழ்ப்பாணம். இங்கே வந்து எட்டு வருசம். குளிர் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன், அதுதான் பிழை.

டிசம்பர் தொடக்கத்தில் தனியாக பென் மக்டூயி ஏறப் போனேன். 1,309 மீட்டர், பிரிட்டனில் இரண்டாவது உயரமான மலை. கெய்ர்ன்கார்ம் பனிச்சறுக்கு மையத்தில் காரை விட்டு நடந்தால் மேலே பெரிய வெட்டவெளி, ஒதுங்க ஒரு பாறைகூடக் கிடைக்காத இடம் நிறைய. பிரிட்டனில் பதிவான ஆகக் கடும் காற்று அந்தக் கெய்ர்ன்கார்ம் உச்சியில்தான் வீசியது: 1986 மார்ச் 20, மணிக்கு 173 மைல். அன்றைக்கு அவ்வளவு இல்லை. ஆனால் மேகம் இறங்கி நிலமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்டன. என் காலடி மேட்டில் படுகிறதா பள்ளத்தில் படுகிறதா என்றே தெரியவில்லை.

மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன நடை நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை வைத்துத்தான் புறப்பட்டிருந்தேன். முழங்கால் வரை புதையும் பனியில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

எதிரே ஒரு பெண்மணி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பனிக்கோடாரியோடு இறங்கி வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இப்போது எத்தனை மணி? நாம் நிற்கிற இடத்தை மேப்பில் காட்டுங்கள்" என்றார். போனை எடுத்தேன். அறுபது சதவீதம் இருந்த பேட்டரி குளிரில் செத்துக் கிடந்தது. மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்ல எனக்குக் கனநேரம் எடுத்தது. ஒன்றேகால். மூன்றரைக்கு இருட்டிவிடும். "என் பின்னால் வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திசைகாட்டியைப் பிடித்தபடி நடக்கத் தொடங்கினார்.

இறங்கும்போது எங்களுக்குப் பின்னால் யாரோ வருகிற சத்தம். நின்றால் அதுவும் நின்றது. இலண்டனில் வேதியியல் பேராசிரியராக இருந்த நார்மன் காலி 1891-இல் இதே மலையில், மூடுபனியில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக் கீழே ஓடியவர். 1925-இல்தான் அபர்டீனில் ஒரு மலையேற்றக் கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொன்னார். அப்படிப் பின்னால் வருகிற உருவத்துக்குச் சாம்பல்நிற மனிதன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். திரும்பி என் பையைப் பார்த்தவர், அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்த பட்டியை இழுத்துச் செருகினார். சத்தம் நின்றுவிட்டது. கார் வரைக்கும் அதற்கு மேல் நாங்கள் எதுவும் கதைக்கவில்லை.

*கோத்தகிரியிலிருந்து:*

எனக்கு ஓட்டமும் வராது, நடையும் வராது, சைக்கிள் மட்டும்தான். நவம்பர், வடகிழக்குப் பருவமழை. கோடநாடு பக்கம் தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் இறங்கலாம் என்று ஏறினேன். செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றவில்லை. குச்சி வைத்துச் சுரண்டிச் சுரண்டி ஏறினேன். ஏறும்போது வியர்த்துக் கொட்டும், இறங்கும்போது அதே வியர்வை காற்றில் ஐஸ் ஆகும். சைக்கிள்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். பிரேக் பிடிக்கிற விரலே சொன்னபடி கேட்காது.

முதல் வளைவிலேயே பனிமூட்டத்துக்குள்ளிருந்து குரல்: "ஏ சைக்கிளு! நில்லு!" வாட்ச்மேன். குடையை நீட்டிக் காட்டினார். தேயிலைச் செடிக்கு மேல் கறுப்பாக ஒரு பாறை தெரிந்தது. பாறை காதை ஆட்டியது. காட்டு மாடு. முழுசாக வளர்ந்த ஆண் ஆயிரம் கிலோ வரை போகும். பிரேக் பேட் வேறு சேற்றில் தேய்ந்து, இழுத்தால் கரகரவென்று இரும்புச் சத்தம். நிற்காமல் போயிருந்தால் நேராக அதன் விலாவில்தான் போய் நின்றிருப்பேன்.

அரை மணி நேரம் அவர் கொட்டகையில் காத்திருந்தோம். மாடு நகரவில்லை, நாங்கள்தான் கிளம்பினோம். கிளம்பும் முன்பு பழைய பேப்பர் ரெண்டை எடுத்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துவிட்டார். "எங்கப்பா சைக்கிள்ல பால் ஊத்தப் போகும்போது இப்படித்தான் வச்சுப்பாரு" என்றார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஜாக்கெட்டைவிட அதுதான் காற்றைத் தடுத்தது. வந்த வழியே தார் ரோட்டில் இறங்கி வந்துவிட்டேன்.

*கேத்தியிலிருந்து மறுபடியும்:*

பேப்பர் யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். எடின்பரோக்காரருக்கு ஒன்று: குளிர் தலைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க அந்த அம்மாவின் கேள்விதான் சரியான சோதனை. எனக்கும் நாக்குதான் முதலில் காட்டிக்கொடுத்தது, ஆனால் எனக்கு மட்டும் அது கேட்கவில்லை.

போன வாரம் அந்த அக்காவைத் தேடிப் போனேன், நல்ல கம்பளிக் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணில கேரட்டு அலசுறவளுக்கு இத வச்சு என்ன பண்றது? நீயே போட்டுக்க. அடுத்த தடவ ரப்பர்ல வாங்கிட்டு வா, பெரிய சைஸா."